ஃபீட் இல்லாத ஆட்டத்தில் வாள் வீச மந்திரம் போதுமா?

கேள்வி இதுதான்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, டை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்), ஃபீட் (பாத்திரம் கூடுதலாகப் பெறும் சிறப்புத் திறமை) எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆனாலும் முன்வரிசையில் நின்று வாள் வீசும் பாத்திரம்தான் வேண்டும். கிரேட் வெப்பன் மாஸ்டர், சென்டினல், மொபைல் போன்ற ஃபீட்கள் தரும் பலத்தை மந்திரங்களை வைத்தே ஈடுகட்ட முடியுமா?

முடியும். சில கிளாஸ்களில், அதாவது பாத்திர வகைகளில், ஈடுகட்டுவதோடு நிற்காமல் ஒரு படி மேலேயே போகலாம். ஆனால் மந்திரத்தின் பெயரையும் டேமேஜையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அது சண்டை நடுவில் உங்களிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் டிஎம் விதியை மீறவில்லை. 2014 புத்தகத்தில் ஃபீட் என்பதே விருப்ப விதிதான். 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் வரும் திறன் உயர்வை (ஸ்ட்ரெங்த், கரிஸ்மா போன்ற திறன் எண்கள் கூடுவதை) விட்டுக்கொடுத்துத்தான் ஃபீட் எடுக்க வேண்டும். ஃபீட் இல்லை என்றால் அந்த உயர்வு முழுவதும் உங்கள் முக்கியத் திறனுக்கே போகும். 16-இல் தொடங்கினால் 8ஆம் லெவலில் 20 வந்துவிடும். வாளுக்கும் மந்திரத்துக்கும் ஒரே திறனைப் பயன்படுத்தும் வீரருக்கு இது லாபம்: அடி படும் வாய்ப்பும், உங்கள் மந்திரத்தைத் தாங்க எதிரி தாண்ட வேண்டிய சேவ் எண்ணும் சேர்ந்தே ஏறும். இழப்பு அதிகம் ஃபைட்டருக்குத்தான். அவருக்கு மற்றவர்களைவிட இரண்டு திறன் உயர்வுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன, அவற்றைச் செலவழிக்க நல்ல இடம் இல்லாமல் போகிறது.

சரி, விலைக்கு வருவோம். ஃபீட் ஒருமுறை எடுத்தால் எப்போதும் கூடவே இருக்கும். மந்திரத்துக்கு ஸ்லாட் (ஓய்வெடுத்தால்தான் திரும்பும் மந்திர இருப்பு) செலவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்லாட்டைவிடப் பெரிய செலவுகள் நான்கு இருக்கின்றன: ஆக்‌ஷன், போனஸ் ஆக்‌ஷன், ரியாக்‌ஷன், கான்சன்ட்ரேஷன். ஆக்‌ஷன் உங்கள் டர்னில் (உங்கள் முறையில்) செய்யும் முக்கியச் செயல், போனஸ் ஆக்‌ஷன் கூடவே வரும் சிறு செயல், ரியாக்‌ஷன் மற்றவர் செய்வதற்கு உடனே காட்டும் எதிர்வினை, கான்சன்ட்ரேஷன் ஒரு மந்திரத்தை விடாமல் பிடித்திருக்கும் கவனம். பெரும்பாலான சண்டைகள் மூன்று நான்கு சுற்றுகளில் முடிந்துவிடும். முதல் சுற்றில் ஆக்‌ஷனைக் கொடுத்து உங்களுக்கு நீங்களே ஒரு மந்திரம் போட்டுக்கொண்டால், சண்டையில் உங்கள் பங்கில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ அங்கேயே போய்விட்டது.

ஹேஸ்ட் மந்திரம் இதற்குச் சரியான உதாரணம். வாள் வீரர்கள் எல்லோரும் ஆசைப்படும் மந்திரம் அது. ஏசி (உங்களை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 2 கூடும், வேகம் இரட்டிப்பாகும், ஒவ்வொரு டர்னிலும் கூடுதலாக ஓர் அடி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாகச் சுற்றுக்கு இரண்டு அடி அடிப்பவர் நீங்கள். ஹேஸ்ட் போடும் சுற்றில் அது தரும் ஒற்றை அடி மட்டும்தான் உங்களுக்கு, ஆக ஓர் அடி நஷ்டம். இரண்டாம் சுற்றில் மூன்று அடி, கணக்கு சமம். மூன்றாம் சுற்றில்தான் முதல் லாபம். அதற்குள் கான்சன்ட்ரேஷன் உடைந்தால் அடுத்த டர்ன் முழுவதும் அசையவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது, அதுவும் எதிரிக்கு நேர் முன்னால். பின்னால் நிற்கும் தோழர் உங்கள் மேல் போட்டால் ஹேஸ்ட் அருமையான மந்திரம். முன்வரிசையில் நிற்பவர் தனக்கே போட்டுக்கொள்வதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கான்சன்ட்ரேஷனை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபீட் இல்லாத ஆட்டத்தில் மந்திர வீரர் உண்மையில் அடிபடும் இடம் அதுதான். ஒவ்வொரு முறை டேமேஜ் வாங்கும்போதும் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் போட வேண்டும், அதாவது இருபது முக டையை உருட்டி அந்தத் திறனின் கூட்டலைச் சேர்க்க வேண்டும். தாண்ட வேண்டிய எண் 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது அதிகமோ அது. கான்ஸ்டிட்யூஷன் கூட்டல் 2 மட்டும் இருந்தால் ஒரு அடியைத் தாங்க 65 சதவீத வாய்ப்பு. ஒரே சுற்றில் இரண்டு அடி விழுந்தால் 42 சதவீதம்தான். வார் காஸ்டர் ஃபீட் இருந்தால் இரண்டு டை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு அடிக்கு 88, இரண்டுக்கு 77 என்று ஏறும். உங்களுக்கு அது இல்லை. அதனால் பாதுகாப்பு கிளாஸிலிருந்தே வர வேண்டும். ஃபைட்டர், சார்சரர், ஆர்டிஃபைசர் ஆகியோருக்குக் கான்ஸ்டிட்யூஷன் சேவ் தேர்ச்சி பிறவியிலேயே உண்டு. பாலடின் 6ஆம் லெவலில் தன் கரிஸ்மாவை எல்லா சேவ்களிலும் சேர்த்துக்கொள்கிறார். வாள் வீசும் மந்திரவாதியான பிளேட்சிங்கர் தன் பிளேட்சாங் என்ற சிறப்புச் சக்தி நடக்கும்போது இன்டெலிஜென்ஸைக் கான்சன்ட்ரேஷன் சேவில் சேர்க்கிறார். இந்த மூன்று வழிகளில் ஒன்றுகூட இல்லாத கிளாஸை எடுத்து, கான்சன்ட்ரேஷன் மந்திரத்தை நம்பி முன்னால் நிற்காதீர்கள்.

வார் காஸ்டர் இல்லாததால் வரும் இன்னொரு தொல்லையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம் என்றால் கை அசைவு தேவைப்படும் மந்திரத்தைப் போட முடியாது. பாலடினும் கிளெரிக்கும் கேடயத்தில் புனிதச் சின்னம் பொறித்திருந்தால், பொருளும் அசைவும் இரண்டும் கேட்கும் மந்திரங்களைக் கேடயம் பிடித்த கையாலேயே போடலாம். அசைவு மட்டும் கேட்கும் மந்திரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஷீல்டு மந்திரம் இந்த இரண்டாவது வகை. அதனால் ஷீல்டை நம்பும் பாத்திரம் இருகை வாளை எடுப்பது நல்லது. அடிக்கும் நேரத்தில் மட்டும்தான் இரண்டு கை வேண்டும், மற்ற நேரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை அசைக்கலாம்.

அப்புறம், கான்சன்ட்ரேஷனே கேட்காத மந்திரங்கள். ஃபீட்டுக்கு உண்மையான மாற்று என்றால் முதலில் இவைதான், ஏனென்றால் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஷீல்டு ரியாக்‌ஷனில் ஏசி 5 கூட்டும். 65 சதவீதம் அடிக்கும் எதிரி உங்கள் அடுத்த டர்ன் வரை 40 சதவீதத்துக்கு இறங்குவார். அடி படாவிட்டால் கான்சன்ட்ரேஷன் சேவும் இல்லை, ஆக ஷீல்டு உங்கள் மற்ற மந்திரத்தையும் காக்கிறது. மிரர் இமேஜ் ஒரு நிமிடம் நிற்கும், மிஸ்டி ஸ்டெப் போனஸ் ஆக்‌ஷனில் 30 அடி தூரம் தாண்ட வைக்கும், எய்டு 8 மணி நேரத்துக்கு மூன்று பேரின் உயிர்ப்புள்ளியை 5 உயர்த்தும்.

இந்த வகையில் நான் முதலிடம் கொடுப்பது வார்லாக்கின் ஆர்மர் ஆஃப் அகாதிஸுக்கு. முதல் நிலை ஸ்லாட்டில் 5 தற்காலிக உயிர்ப்புள்ளி தரும். அது தீராத வரை உங்களை நேரில் வந்து அடிக்கும் ஒவ்வொருவருக்கும் 5 குளிர் டேமேஜ். ஸ்லாட் ஒரு நிலை உயர்ந்தால் இரண்டும் 5 கூடும். வார்லாக்கின் ஸ்லாட்கள் தானாகவே உயர்ந்த நிலையில் இருப்பதால் 5ஆம் லெவலில் 15-க்கு 15. ஒரு மணி நேரம் நிற்கும். கதவைத் திறப்பதற்கு முன்பே போட்டுவிட்டால் சண்டைக்குள் ஒரு ஆக்‌ஷன்கூட செலவில்லை. குறுகிய ஓய்வில் ஸ்லாட் திரும்பிவிடும். அடிப்பவரையே தயங்க வைக்கும் இந்த வேலைக்கு இணையான ஃபீட் அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, அடியையே மந்திரமாக்கும் பூமிங் பிளேடும் கிரீன் ஃபிளேம் பிளேடும். 2015-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்டவை. இவை கேன்ட்ரிப் (ஸ்லாட் கேட்காத எளிய மந்திரம்), கான்சன்ட்ரேஷனும் வேண்டாம். இவற்றைப் பற்றி மிகையான எதிர்பார்ப்பு பரவியிருப்பதால் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 5ஆம் லெவல், ரேப்பியர், திறன் கூட்டல் 4. பூமிங் பிளேடு பட்டால் சராசரி 13. எக்ஸ்ட்ரா அட்டாக் இருப்பவர் இரண்டு அடியும் பட்டால் 17. எதிரி தானாக நகர்ந்தால் மட்டுமே இன்னொரு 9 சேர்ந்து 22 ஆகும். ஆகவே எக்ஸ்ட்ரா அட்டாக் உள்ளவருக்கு இது மாற்று ஆகாது. ஒரு டர்னில் ஒரே அடியை நம்பும் ஆர்கேன் டிரிக்ஸ்டர் ரோகுக்கு (மந்திரம் தெரிந்த திருடனுக்கு) இது வரப்பிரசாதம். ஸ்னீக் அட்டாக்கோடு (ரோகுக்கே உரிய கூடுதல் டேமேஜோடு) அடித்துவிட்டு, கன்னிங் ஆக்‌ஷனில் டிஸ்எங்கேஜ் செய்து, எதிரியின் பதிலடி வாங்காமல் விலகிவிடுவார். எதிரி துரத்தி வந்தால் இடி விழும், வராவிட்டால் அவர் டர்ன் வீண். மொபைல் ஃபீட் செய்யும் வேலை அப்படியே வந்துவிட்டது, மேலே கொஞ்சம் டேமேஜும்.

மந்திரம் கற்ற ஃபைட்டரான எல்ட்ரிச் நைட்டுக்கு 7ஆம் லெவலில் வார் மேஜிக் வரும்: கேன்ட்ரிப் போட்டபின் போனஸ் ஆக்‌ஷனில் ஓர் அடி. இருகை வாள், ஸ்ட்ரெங்த் 20 என்றால், பூமிங் பிளேடும் அந்த அடியும் சேர்ந்து 28.5, சாதாரணமாக இரண்டு அடி அடித்தால் 24. 11ஆம் லெவலில் மூன்று அடி வந்ததும் இது தலைகீழாகிவிடும்: 36-க்கு எதிராக 33. அந்த லெவலுக்குப் பிறகு நகர விரும்பும் எதிரியை நிறுத்தி வைக்க மட்டும் பூமிங் பிளேடை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட ஃபீட்களில் கிரேட் வெப்பன் மாஸ்டரைத்தான் எல்லோரும் பெரிய இழப்பாக நினைக்கிறார்கள். உருட்டலில் 5 குறைத்து டேமேஜில் 10 கூட்டும் ஃபீட். இருகை வாள், கூட்டல் 4, சாதாரணமாக 65 சதவீதம் படும் அடி என்று வைத்துக்கொள்வோம். ஃபீட் இல்லாமல் ஒரு வீச்சுக்குச் சராசரி 7.15. ஃபீட்டோடு 40 சதவீதம்தான் படும், சராசரி 8.4. இப்போது மந்திரங்கள்: டிவைன் ஃபேவர் 1டி4 (ஒரு நான்கு முக டை) சேர்த்தால் 8.8. ஹன்டர்ஸ் மார்க் அல்லது ஹெக்ஸ் 1டி6 சேர்த்தால் 9.4. ஸ்பிரிட் ஷ்ரௌட் 1டி8 சேர்த்தால் 10.1. முதல் நிலை மந்திரமே அந்த ஃபீட்டைத் தாண்டிவிடுகிறது! அட்வான்டேஜ் (இரண்டு டை உருட்டி நல்லதை எடுக்கும் வாய்ப்பு) இருந்தால் நிலைமை மாறும்: ஃபீட் 13.4, ஹன்டர்ஸ் மார்க் 12.7, ஸ்பிரிட் ஷ்ரௌட் 13.6. கிரிட்டிகல் அடியையும், எதிரி வீழ்ந்ததும் கிடைக்கும் கூடுதல் அடியையும் நான் சேர்க்கவில்லை, அவை ஃபீட்டின் பக்கம் கொஞ்சம் கனம் சேர்க்கும். தவிர, மந்திரம் முதல் சுற்றின் போனஸ் ஆக்‌ஷனையும் கான்சன்ட்ரேஷனையும் வாங்கிக்கொள்கிறது. இருந்தாலும், அட்வான்டேஜுக்கு நிரந்தர ஏற்பாடு இல்லாத குழுவில் இந்த ஃபீட் இல்லையே என்று வருந்தத் தேவையில்லை.

மொபைலுக்கு ரேஞ்சரின் ஸெஃபிர் ஸ்ட்ரைக் உண்டு. போல்ஆர்ம் மாஸ்டரின் போனஸ் அடிக்குக் கிளெரிக்கின் ஸ்பிரிச்சுவல் வெப்பன் உண்டு. 2014 விதியில் அதற்குக் கான்சன்ட்ரேஷன் கிடையாது.

சென்டினலுக்கு மட்டும் சரியான மாற்று இல்லை. விலகிப் போகும் எதிரியை ரியாக்‌ஷனில் அடித்து அங்கேயே நிறுத்துவது, பக்கத்துத் தோழரை அடித்தவரைத் திருப்பி அடிப்பது, இரண்டையும் எந்த மந்திரமும் தொடர்ந்து செய்யாது. பாலடினின் கம்பெல்டு டூயல் ஒரே எதிரியைக் கட்டும், அதுவும் சேவில் தோற்றால்தான். நீங்கள் வேறு எதிரியைத் தொட்டாலோ, தோழர் அந்த எதிரியைத் தாக்கினாலோ முடிந்துவிடும். தோழர்களைக் காக்கும் காவலன்தான் உங்கள் கனவு என்றால், அணுகுமுறையையே மாற்றி ஸ்பிரிட் கார்டியன்ஸ் போடும் கிளெரிக்காகிவிடுங்கள். 15 அடி ஆரத்துக்குள் எதிரியின் வேகம் பாதியாகும், அங்கே நிற்பவர் ஒவ்வொரு டர்னும் 3டி8 வாங்குவார். யாரையும் பிடித்து நிறுத்தாது, ஆனால் உங்களைத் தாண்டிப் போவது அவர்களுக்குப் பெரிய செலவாகிவிடும்.

ஐந்தாம் பதிப்பில் ஏன் இத்தனை கறாராகக் கான்சன்ட்ரேஷன் வந்தது என்று புரிய, பழைய 3.5 பதிப்பைப் பார்க்க வேண்டும். இதே கேள்வி அங்கே பல ஆண்டுகள் கொதித்தது. அங்கே ஃபைட்டரின் முழு அடையாளமே ஃபீட்தான்: 20 லெவலில் 11 போனஸ் ஃபீட், அதற்கு மேல் எல்லோருக்கும் உள்ள 7. கேட்க நன்றாக இருக்கும். சுற்றியுள்ள எல்லோரையும் ஒரே வீச்சில் அடிக்கும் வேர்ல்விண்ட் அட்டாக் வேண்டுமென்றால் அதற்கு முன் டாட்ஜ், மொபிலிட்டி, ஸ்பிரிங் அட்டாக், கம்பாட் எக்ஸ்பெர்டைஸ் என நான்கு ஃபீட் எடுத்தாக வேண்டும். அதே பதிப்பில் கிளெரிக் டிவைன் பவர் என்ற நான்காம் நிலை மந்திரத்தை ஒருமுறை போட்டால் ஃபைட்டருக்குச் சமமான அடிப்படைத் தாக்குதல் எண்ணும், ஸ்ட்ரெங்தில் கூட்டல் 6-உம் வந்துவிடும். அதற்கு மேல் இன்னும் நாலைந்து மந்திரங்களை அடுக்கிக்கொள்ளலாம், தடுக்க விதி இல்லை. டிவைன் மெட்டாமேஜிக்கும் பர்சிஸ்டன்ட் ஸ்பெல்லும் இருந்தால் அந்த மந்திரம் நாள் முழுவதும் நிற்கும். வாளுக்காகவே பிறந்த கிளாஸ் ஓரமாக நிற்க, பூசாரி முன்னால் போய்ச் சண்டையை முடித்தார்.

ஆனால் அங்கே ஒரு அழகான பாடமும் இருந்தது. பவர் அட்டாக் என்ற ஃபீட்டில் தாக்குதல் எண்ணைக் குறைத்து டேமேஜை ஏற்றலாம், இருகை ஆயுதத்தில் இரட்டிப்பாக ஏறும். ரெய்த்ஸ்ட்ரைக் என்ற இரண்டாம் நிலை மந்திரம் ஒரு சுற்றுக்கு உங்கள் அடிகளைக் கவசத்தைப் பொருட்படுத்தாத தொடு தாக்குதலாக மாற்றும். ஃபீட்டின் குறையை மந்திரம் மறைத்தது, மந்திரத்தில் இல்லாத டேமேஜை ஃபீட் கொடுத்தது. ஹீரோயிக்ஸ் என்ற இன்னொரு மந்திரம் ஃபைட்டரின் ஃபீட் ஒன்றையே தற்காலிகமாகக் கொடுத்தது. 2006-இல் வந்த டோம் ஆஃப் பேட்டில் ஒன்பது நிலைகளாகப் பிரித்த வாள் வித்தைகளை, மந்திரங்களைப் போலவே தயார் செய்து பயன்படுத்தும்படி தந்தது. ஃபைட்டருக்கு அந்த விளையாட்டு செய்த மிகப் பெரிய நன்மை அந்தப் புத்தகம்தான் என்பது என் உறுதியான கருத்து.

மந்திரம் தோற்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு ஒரு நாளுக்கு நடுத்தரமான அல்லது கடினமான சண்டைகள் 6 முதல் 8 வரை என்று கணக்கு வைத்திருக்கிறது. 5ஆம் லெவல் பாலடினிடம் மொத்தம் 6 ஸ்லாட்தான். உங்கள் டிஎம் அந்தக் கணக்கின்படி நடத்தினால் மாலைக்குள் வெறும் வாள்தான் மிஞ்சும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பெரிய சண்டைகள் என்றால் நீங்கள்தான் ராஜா. டிஸ்பெல் மேஜிக், கவுன்டர்ஸ்பெல், ஆன்டிமேஜிக் ஃபீல்டு எல்லாம் ஃபீட்டைத் தொடாது, மந்திரத்தைத் தொடும். சைலன்ஸ் வட்டத்துக்குள் ஷீல்டுகூட போட முடியாது. இன்னொன்று: வார் காஸ்டர் இல்லாமல் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கில் (விலகிப் போகும் எதிரியை ரியாக்‌ஷனில் அடிக்கும் அடியில்) பூமிங் பிளேடு போட முடியாது, இதைச் சிலர் தவறாக ஆடுகிறார்கள்.

உங்கள் நிலையில் இருந்தால் நான் எடுப்பது பாலடின். கனமான கவசம், 5ஆம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக், 6-இல் சேவ் பாதுகாப்பு. ஸ்லாட்டை டிவைன் ஸ்மைட்டாக (அடியோடு சேரும் கூடுதல் டேமேஜாக) மாற்றும்போது ஆக்‌ஷனும் வேண்டாம், கான்சன்ட்ரேஷனும் வேண்டாம், அடி பட்டது தெரிந்த பிறகு முடிவெடுத்தால் போதும். கான்சன்ட்ரேஷனில் பிளெஸ் (தாக்குதலுக்கும் சேவுக்கும் பலம் கூட்டும் மந்திரம்) ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஸ்லாட்டை ஸ்மைட்டுக்கு விடுங்கள். இரண்டாவது தேர்வு ஹெக்ஸ்பிளேடு வார்லாக்: கரிஸ்மாவிலேயே வாள் வீச்சு, அகாதிஸின் கவசம், 5ஆம் லெவலில் ஸ்பிரிட் ஷ்ரௌட். கான்ஸ்டிட்யூஷன் சேவ் வேண்டுமென்பதால் முதல் லெவலை மட்டும் ஃபைட்டரில் தொடங்கலாம், உயர்நிலை மந்திரங்கள் ஒரு லெவல் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

2024 விதிக்கு உங்கள் குழு மாறினால் இதில் சில மாறும். அங்கே ஃபீட் விருப்ப விதி அல்ல, ஆட்டத்தின் அடிப்படையிலேயே சேர்ந்துவிட்டது. டிவைன் ஸ்மைட் போனஸ் ஆக்‌ஷன் கேட்கும் மந்திரமாகிவிட்டது. ஸ்பிரிச்சுவல் வெப்பனுக்குக் கான்சன்ட்ரேஷன் வந்துவிட்டது, டிவைன் ஃபேவருக்குப் போய்விட்டது.

பாத்திரத்தை எழுதுவதற்கு முன் டிஎம்மிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிளேயர்ஸ் ஹேண்ட்புக் தவிர வேறு புத்தகங்களுக்கு அனுமதி உண்டா? பூமிங் பிளேடு, ஸ்பிரிட் ஷ்ரௌட், ஸெஃபிர் ஸ்ட்ரைக், ஹெக்ஸ்பிளேடு, பிளேட்சிங்கர் எல்லாம் பின்னால் வந்த புத்தகங்களில் இருப்பவை. அனுமதி இல்லை என்றால் ரோக் வழி அடைபடும், எல்ட்ரிச் நைட் பலம் பாதியாகும். பாலடினுக்கு நான் சொன்ன பிளெஸ், டிவைன் ஃபேவர், கம்பெல்டு டூயல், ஸ்மைட் நான்கும் அந்த ஒரே புத்தகத்தில் இருக்கின்றன.